அல்மா இருக்குமிடம்

இந்த வீட்டில் இனிமேல் அந்த வார்த்தை தன் காதில் விழக் கூடாது என்று டோர்கெல் தீர்மானம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். தீர்மானம் போட்டவன் அவன். அதை அனுபவித்தவனும் அவனேதான்.

ஸ்வீடனின் வடக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன் டோர்கெல். கல்யாணத்துக்கும் அவன்தான் வாசிக்க வேண்டும், சாவுக்கும் அவன்தான். ஆள் நல்ல உயரம். கூச்சம் அவனைவிட உயரம். டாக்டரிடம் போனால் வலிக்கிற இடத்தைச் சொல்ல மாட்டான். வலிக்காத இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, மிச்சம் இருப்பதை டாக்டரே யூகித்துக்கொள்ளட்டும் என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி இல்வா, கால்நடை மருத்துவர். மாடு, குதிரை, செம்மறியாடு எல்லாம் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே, அன்றைக்கு ஒரு பசுவுக்குக் கருப்பை பிறழ்ந்துபோனதையும், தோள்வரை கையை விட்டு அதைத் திருப்பி வைத்ததையும் விலாவாரியாகச் சொல்வாள். டோர்கெல் குழம்புக் கிண்ணத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளிவைத்துவிடுவான்.

இவர்களுக்கு ஒரே பெண், வெண்டேலா. நாலு வயது. அவள் போகிற பாலர் பள்ளியில் அந்த இலையுதிர் காலத்தில் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். மூக்கு, முழங்கை, தொப்புள் என்று வரிசையாக வந்து, மறைக்கிற இடத்துக்கும் பேர் சொன்னார்கள். பையன்களுக்கு ஸ்னோப், பெண்பிள்ளைகளுக்கு ஸ்னிப்பா. மூக்குக்கு மூக்கு என்பதுபோல, அதில் ஒன்றும் இல்லை என்பது டீச்சரின் கட்சி.

டோர்கெல் சின்னவனாக இருந்தபோது இப்படியெல்லாம் கிடையாது. அப்போது பையன்களுக்கு மட்டும்தான் வார்த்தை இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு 'அங்கே', 'கீழே' என்று கையால் காற்றைக் காட்டுவார்கள். அவனுடைய அக்காவின் உடம்பு தொப்புளோடு முடிந்து, முழங்காலில் மறுபடி ஆரம்பித்தது. அப்படியே அவளும் வளர்ந்து, கல்யாணம் செய்து, சௌக்கியமாகத்தானே இருக்கிறாள் என்பது இவன் கட்சி.

கட்சி இரண்டும் மோதியது தேவாலயத்தில். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும் நேரம். போதகர் அம்மா யோரெல் கையில் இலவங்கப் பட்டை ரொட்டியோடு குனிந்து வெண்டேலாவிடம் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டார். வெண்டேலா எப்படிப் போகிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, போதகருக்கு ஸ்னிப்பா உண்டா என்று மரியாதையாகக் கேட்டாள். போதகர் உண்டு என்று சொல்லிவிட்டு ரொட்டியை ஒரு கடி கடித்தார். கோப்பையைக் கீழே போட்டது டோர்கெல்தான்.

அன்று மாலை வீட்டில் பேச்சு முற்றியது.

"வேற ஏதாவது பேர் வைக்கலாமே," என்றான்.

"என்ன பேர்?"

"நாகரிகமா ஏதாவது. பூ... பட்டாம்பூச்சி..."

இல்வா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கு யாரோ ஒருத்தன் அவகிட்ட முறை தவறி நடந்துக்கறான்னு வை. இவ ஓடிப் போய் டீச்சர்கிட்ட, 'அந்த மாமா என் பட்டாம்பூச்சியத் தொட்டாரு'ன்னு சொல்றா. டீச்சர் என்ன சொல்வாங்க? 'பாத்துத் தொடச் சொல்லு, றெக்கை ஒடிஞ்சிடும்'னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்க. அதுக்காகவா பேர் வைக்கச் சொல்ற?"

 பதில் இல்லாத ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தான். குரலை உயர்த்தினான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த வார்த்தை என் காதுல விழக் கூடாது. அவ்வளவுதான்."

இல்வா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாட்டுக்கு ஊசி போடுமுன் எங்கே போடலாம் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"உன் காதுல விழக் கூடாது. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"சரி."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இல்வா இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது கிடையாது. சமையலறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்ற பேச்சே ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. டோர்கெல் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவனோ ஜெயித்துவிட்டதாக நினைத்து, ஒரு கீர்த்தனத்தை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினான்.

பிறகு குளிர்காலம் வந்தது. அந்தப் பக்கத்தில் அது வரும்போது வெளிச்சத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடும். மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். அவர்கள் வீடு விரிகுடாவின் ஓரத்தில் தனியாக நின்றது. மஞ்சள் வண்ணம் அடித்த பழைய மரவீடு. குளிர் ஏறினால் சுவர்ப் பலகைகள் விரல் சொடுக்குவதுபோல் ஒவ்வொன்றாகச் சொடுக்கும். பின்பக்கம் ஒரு கரிந்த கல் அஸ்திவாரம் இருந்தது. மேலே கட்டடம் இல்லை. வீட்டை வாங்கியபோதே டோர்கெல் மனைவியிடம் சொல்லியிருந்தான்: பழைய வீடு என்றால் அக்கம்பக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள், அந்தப் பேச்செல்லாம் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம் என்று.

முதலில் அந்தப் பெயரை அவன் கேட்டது குளியலறைக் கதவுக்கு வெளியே. மகளைக் குளிப்பாட்டுவது இல்வாவின் வேலை. இவன் துவைத்த துணிக்கூடையோடு அந்த வழியாகப் போனான். உள்ளே வெண்டேலாவின் குரல் கேட்டது.

"அல்மாவுக்கு சோப்பு வேண்டாம்மா. வெறும் தண்ணி போதும்."

ஏதோ புதுப் பொம்மை போலிருக்கிறது என்று நினைத்தான். அவர்கள் வெளியே வந்ததும் எட்டிப் பார்த்தான். தொட்டியில் பொம்மை எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் திமிங்கிலம் மட்டும் மல்லாந்து கிடந்தது.

அடுத்த வாரம் காரில். வெளியே பனி ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து வெண்டேலா அல்மாவுக்குக் குளிருகிறது என்றாள். குழந்தைகள் கற்பனைத் தோழிகளை வைத்துக்கொள்வார்கள் என்று எங்கோ படித்திருந்தான். நல்ல அப்பாவாக நடந்துகொள்வோம் என்று வண்டியை ஓரங்கட்டி, மகளுக்குப் பக்கத்தில் இருந்த காலி சீட்டில் ஒரு போர்வையைப் போர்த்தினான். போர்வை உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

"அங்க இல்லப்பா," என்றாள் வெண்டேலா.

"பின்ன எங்க?"

"நான் உக்காந்திருக்கிற இடத்துல."

டோர்கெல் கார் கதவைச் சாத்தினான். வீடு வரும்வரை பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மகளின் பனிச்சட்டையைக் கழற்றும்போது, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அல்மா எப்போதிலிருந்து உன்னோடு இருக்கிறாள் என்று கேட்டான்.

"பொறந்ததுலேர்ந்து. என்கூடவே பொறந்துச்சு."

"நான் பாத்ததே இல்லையே."

"யாரும் பாக்கக் கூடாது. யாராச்சும் காட்டச் சொன்னா, வேண்டாம்னு கத்தணும். அம்மாகிட்ட வந்து சொல்லணும். அதை ரகசியமா வச்சுக்கச் சொன்னாங்கன்னா ரொம்பச் சத்தமாக் கத்தணும்."

குழந்தை 'அவள்' என்று சொல்லவில்லை. 'அது' என்றுதான் சொன்னது. உயிரோடு இருப்பவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. டோர்கெல் பனிச்சட்டையை ஆணியில் மாட்டப் போய், ஆணி இல்லாத இடத்தில் மாட்டினான். அது தொப்பென்று விழுந்தது. ஒரு சின்ன உருவம் கையை விரித்துப் படுத்திருப்பதுபோல் தரையில் கிடந்தது.

இல்வா வந்ததும் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"அல்மான்னு ஒருத்தி இருக்காளா?"

"இருக்கே." இல்வா சாவகாசமாக பூட்ஸைக் கழற்றினாள்.

"நீ... பாத்திருக்கியா?"

"தினமும்தான் பாக்கறேன். நான்தான குளிப்பாட்டறேன்."

டோர்கெல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "உனக்குப் பயமா இல்லையா?"

"பயப்பட என்ன இருக்கு? வேணும்னா விளக்கமாச் சொல்றேன். ஆனா நீதான அந்தப் பேச்சே வேண்டாம்னு சொன்ன?"

வீடு வாங்கியபோது பேய்க்கதை வேண்டாம் என்று சொன்னதைத்தான் அவள் சொல்கிறாள் என்று டோர்கெல் எடுத்துக்கொண்டான். இல்வா அவன் முகத்தையே பார்த்தபடி ஒரு நிமிஷம் காத்திருந்தாள். கேள் என்றால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருந்தால் அவை இல்லாமலே போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் அவன் பாதி வாழ்க்கையை ஓட்டியிருந்தான்.

ஆனால் இது இல்லாமல் போகவில்லை. மாடிப்படியில் மகள் தனியாக இறங்கும்போது அவள் காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. ஆர்கன் குழாய்களுக்குள் காற்று ஏறும்போது ஒரு பெண் மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. ஒருநாள் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் யாரோ வெளிறிப்போன ஆள் நின்றிருந்தான். அது டோர்கெல்தான் என்று டோர்கெலுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

கடைசியில் அடுத்த வீட்டு சிக்ஸ்டனிடம் போனான். சிக்ஸ்டன் ஊருக்கெல்லாம் பனி தள்ளுகிற டிராக்டர் வைத்திருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடாமல், தன் வீட்டு வாசலையும் அடுத்த வீட்டு வாசலையும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருப்பார். டோர்கெல் சுற்றி வளைத்து, பனியைப் பேசி, டீசல் விலையைப் பேசி, இந்த வீட்டில் அல்மா என்று யாராவது இருந்தார்களா என்று கேட்டான்.

சிக்ஸ்டன் டிராக்டர் இயந்திரத்தை அணைத்தார். "இந்தப் பேரை உனக்கு யார் சொன்னது?"

மகள் சொன்னாள் என்றான். சிக்ஸ்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

அல்மா ஃபோர்ஸ்லின் என்று ஒருத்தி அந்த வீட்டில் தனியாக இருந்தாளாம். பின்பக்கத்து அடுப்பு வீட்டில் ஊருக்கெல்லாம் தட்டை ரொட்டி சுட்டுக் கொடுப்பாளாம். ஒரு குளிர்காலத்துச் சாயங்காலம் அடுப்பு வீடு தீப்பிடித்துக்கொண்டது. ஊரே வாளியோடு ஓடியது. அணைத்துப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. வீட்டுக்குள் தேடினால் அங்கேயும் இல்லை. மேசையில் காபி சூடாக இருந்தது. பனியில் அவள் காலடித் தடம் வீட்டிலிருந்து அடுப்பு வீட்டுக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் கிடையாது. தேவாலயத் தோட்டத்தில் அவள் பேருக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. கல்லுக்குக் கீழே மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. அந்தப் பேரை ஊரில் யாரும் இப்போது எடுப்பதில்லை.

"இதெல்லாம் எங்கப்பா சொன்னது," என்றார் சிக்ஸ்டன். "அவர் பொய் சொல்ற ஆளில்ல. குடிச்சிருந்தா மட்டும்தான் சொல்லுவார்."

"இதைச் சொன்னப்ப குடிச்சிருந்தாரா?"

சிக்ஸ்டன் யோசித்தார். "அவர் குடிக்காம எங்கிட்ட பேசினதே இல்ல."

அதைக் கேட்டு மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், கல் இருந்தது. மறுநாள் ஆர்கன் பயிற்சியை முடித்துவிட்டு, பள்ளியிலிருந்து கூட்டி வந்த வெண்டேலாவைக் கையில் பிடித்துக்கொண்டு டோர்கெல் கல்லறைத் தோட்டத்துக்குள் தேடினான். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்த நேரம். எல்லாக் கல்லும் பனித்தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. வேலியோரத்தில் ஒரு கல் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காற்று துடைத்திருக்கலாம். அல்மா ஃபோர்ஸ்லின் என்று எழுதியிருந்தது.

கொண்டு வந்திருந்த மெழுகுவத்தியை ஏற்றி வைத்தான். தொப்பியைக் கழற்றினான். வேலை நிமித்தமாக எத்தனையோ இறந்தவர்களுக்கு வாசித்திருக்கிறான். அவர்களோடு பேசியது கிடையாது. என்ன மரியாதை வைத்துப் பேசுவது என்று கொஞ்சம் தடுமாறினான்.

"அம்மா," என்றான் மெதுவாக. "உங்களுக்கு எங்களால ஏதாவது குறை இருந்தா மன்னிச்சிடுங்க. குழந்தை சின்னவ. அவளை விட்டுட்டுப் போயிடுங்க."

வெண்டேலா அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "யார்கிட்டப்பா பேசற?"

"அல்மாகிட்ட."

வெண்டேலா கல்லைப் பார்த்தாள். மெழுகுவத்தியைப் பார்த்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வயதுக்குப் பொருந்தாத ஒரு பரிதாபம் அவள் முகத்தில் இருந்தது.

"அது அங்க இல்லப்பா. என்கூடத்தான் வந்திருக்கு."

மெழுகுவத்தி அணைந்தது. டோர்கெல் மகளைத் தூக்கிக்கொண்டு கார்வரை ஓடினான். ஓடும்போது மகளின் எடை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமை. இல்வா தூரத்துப் பண்ணை ஒன்றில் கன்று ஈனாமல் தவித்த பசுவோடு இருந்தாள். கை பசுவுக்குள் இருந்தால் போன் எடுக்க முடியாது. டோர்கெல் மீன் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். சன்னலுக்கு வெளியே நீல இருட்டு. வீட்டுப் பலகை ஒன்று சொடுக்கியது. திரும்பினான். சமையலறை வாசலில் வெண்டேலா நின்றிருந்தாள். முகம் வெளுத்து, கன்னம் மட்டும் சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர்.

"அப்பா," என்றாள். "அல்மா எரியுது."

டோர்கெலின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் முழுகியது. மெல்லச் சன்னல் பக்கம் திரும்பினான். பின்பக்கத்தில், அடுப்பு வீடு இருந்த இடத்தில், பனி சிவப்பாக இருந்தது. சிவப்பு அணைந்தது. மறுபடி வந்தது. யாரோ ஊதி ஊதிக் கனல் வளர்ப்பதுபோல.

அவன் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. பயந்தவன் ஓடுவான், டோர்கெல் பயந்துகொண்டே அதை நோக்கி ஓடினான். தாழ்வாரத்தில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கி, காலுறையோடு பனியில் இறங்கி, கரிந்த கல்லின்மேல் மொத்த நுரையையும் பீய்ச்சினான். பீய்ச்சும்போது ஏதோ சொல்லிக் கத்தினான். பிரார்த்தனையாக இருக்கலாம். நுரை அடங்கியதும் பார்த்தால் கல் வெள்ளையாக இருந்தது. சிவப்பு மட்டும் அப்படியே அணைந்து அணைந்து எரிந்தது. அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டிராக்டரின் பின்விளக்கு. டிராக்டர்மேல் சிக்ஸ்டன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

பின்கதவில் வெண்டேலா அழுதுகொண்டு நின்றாள்.

"அங்க இல்லப்பா. இங்க. ஒண்ணுக்குப் போனா அல்மா எரியுது."

 சிக்ஸ்டன்தான் முதலில் வாயை மூடினார்.

"குழந்தைக்கு நீர்க்கடுப்பு," என்றார். "கல்லுக்கு ஒண்ணும் இல்ல."

சோப்பு வேண்டாம். யாரும் பார்க்கக் கூடாது. உட்கார்ந்திருக்கிற இடத்தில். பிறந்ததிலிருந்து. ஒவ்வொன்றாக வந்து டோர்கெலின் தலையில் இறங்கியது. காலுறை நனைந்து கால் மரத்துப் போனது அப்போதுதான் தெரிந்தது. ஓடிப் போய் மகளைத் தூக்கிக்கொண்டான். நெற்றி சுட்டது. இவ்வளவு நேரமும் குழந்தை வலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், நாம் கல்லுக்கு நுரை அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, பேயைக் கண்ட பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

சுகாதார நிலையத்துக்கு போன் போட்டான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மகளைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசினான். மறுமுனையில் ஒரு பெண்குரல் நிதானமாக என்ன பிரச்சினை என்று கேட்டது.

"எரியுது," என்றான்.

"எங்க எரியுது?"

பழக்கதோஷம். "அல்மா," என்றான்.

"குழந்தை பேர் அல்மாவா?"

"இல்ல. குழந்தை பேர் வெண்டேலா."

"சரி. அல்மாவுக்கு என்ன வயசு?"

"நாலு. ரெண்டு பேருக்கும் நாலு."

"ரெண்டு குழந்தையா?"

"ஒண்ணுதான்."

 "அல்மா இப்ப எங்க இருக்காங்க?"

"கீழே."

"கீழ்த்தளத்துலயா? தனியாவா?"

வெண்டேலா தோளில் முகத்தைப் புதைத்து விசும்பினாள். டோர்கெல் கண்ணை மூடிக்கொண்டான். நாற்பத்துச் சொச்சம் வருஷமாக அடைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று அசைந்தது. பிறகு திறந்தது. ஆர்கனில் எல்லாக் குழாயையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டதுபோல் திறந்தது.

"ஸ்னிப்பா. என் பொண்ணோட ஸ்னிப்பா எரியுது. ஒண்ணுக்குப் போறப்ப. காய்ச்சலும் இருக்கு. நான் இப்பவே கூட்டிட்டு வரேன்."

உறைந்த விரிகுடா அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. எதிர்க்கரைப் பாறை திருப்பிக் கொடுத்தது. முழு வார்த்தையும் வரவில்லை, வால் மட்டும் வந்தது. ...ப்பா. ...ப்பா. இருட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எவளோ ஒருத்தி, நெடுநேரம் காத்திருந்து, அப்பா என்று கூப்பிடுவதுபோல.  வேலிக்கு அப்பால் சிக்ஸ்டன் தொப்பியைக் கழற்றினார். அது பயத்திலா மரியாதையிலா என்று தெரியவில்லை.

சுகாதார நிலையத்தில் ஓர் இளம் நர்ஸ் வெண்டேலாவை உட்காரவைத்து, அப்பாவைப் பார்க்காமல் அவளையே கேட்டாள். எங்கே வலிக்கிறது என்றாள்.

"ஸ்னிப்பாவுல," என்றாள் வெண்டேலா. "ஒண்ணுக்குப் போறப்ப எரியுது. காலைலேர்ந்து. வெளியில புண் ஒண்ணும் இல்ல, அம்மா சொல்லிக்குடுத்த மாதிரி நானே பாத்தேன்."

இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நோயாளி வாரத்துக்கு ஒருத்தர் வந்தால் போதும் என்றாள் நர்ஸ். ஒரு கிண்ணத்தில் பிடித்துப் பரிசோதித்தார்கள். சின்னத் தொற்றுதான், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், நல்லவேளை உடனே தெரிந்தது என்றார்கள். டோர்கெல் அந்த 'உடனே'யைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை அந்த வார்த்தையை மறக்கவே இல்லை.

டோர்கெல் போனில் விட்டிருந்த செய்தியைக் கேட்டு இல்வா வந்து சேர்ந்தாள். உடம்பெல்லாம் தொழுவ வாசனை, தலையில் வைக்கோல். மகளைக் கட்டிக்கொண்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கணவன் பக்கம் திரும்பினாள். அவனுடைய நனைந்த காலுறையைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த நுரையைப் பார்த்தாள்.

"அவ இன்னும் அந்த வார்த்தையச் சொல்றாளா?" என்று கேட்டான்.

"எல்லாருக்கும் சொல்வாளே. டீச்சருக்கு, டாக்டருக்கு, எனக்கு. போதகருக்குச் சொன்னதுதான் உனக்கே தெரியுமே. உன் காதுல விழக் கூடாதுன்னு நீ சொன்ன. விழல."

"நான் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏத்தினேன், இல்வா."

"தெரியும். வெண்டேலா சொன்னா. இன்னைக்கு ராத்திரி உன்னை உக்காரவச்சுச் சொல்லிடணும்னு இருந்தேன். அதுக்குள்ள மாடு முந்திக்கிச்சு." அவள் குரல் இறங்கியது. "குழந்தைக்கு வலி வரும்னு நான் நெனைக்கல. அது என் தப்புதான்."

டோர்கெல் அவள் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டான். கொஞ்சம் பொறுத்து, அந்தப் பேரை எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டான்.

"நான் எங்க பிடிச்சேன்? அப்பாவுக்கு மட்டும் ஒரு பேர் வைன்னு சொன்னேன். யோசிக்கவே இல்ல, அல்மான்னுட்டா. உன் கல்லறைத் தோட்டத்துலேர்ந்து நீதான் எப்பவோ சொல்லியிருப்பியோன்னு நெனச்சேன்."

"நான் சொல்லல."

"சிக்ஸ்டன்?"

"அவர் அந்தப் பேரையே எடுக்கறதில்லையாம்."

இருவரும் மகளைப் பார்த்தார்கள். வெண்டேலா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, நர்ஸ் கொடுத்த பழரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்துக் கடைசியில் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்தப் பேரை யார் சொன்னார்கள் என்று கேட்க இருவருக்குமே வாய் வரவில்லை.

டோர்கெல் அதைவிடச் சுலபமான கேள்வியைக் கேட்டான். மகள் முன்னால் மண்டியிட்டு, "உனக்குத்தான் சரியான வார்த்தை தெரியுமே, கண்ணு. எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" என்றான்.

வெண்டேலா உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தாள். அப்பாவின் கன்னத்தை ஒட்டும் கையால் ஆதரவாகத் தட்டினாள்.

"உனக்கு இன்னும் அந்த வயசு வரலையாம்ப்பா. கொஞ்சம் வளந்ததும் மெதுவாச் சொல்லிக்குடுக்கலாம்னு அம்மா சொன்னா."